உங்களுக்குத் தெரியுமா? இளைத்த ஃப்ளைவீல், சீறும் ஸ்பிட்ஃபயர்!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் இன்ஜினைப் பிரித்துப் போட்டால், லேத் பட்டறைக்கு முதலில் கிளம்பும் சாமான்களில் ஃப்ளைவீலும் ஒன்று. அதைக் கடைந்து எடை குறைப்பதில் இயற்பியல் உண்டு, கைத்திறன் உண்டு, கவனம் தப்பினால் ஆபத்தும் உண்டு. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை முன்னால் நிறுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

யார் இந்த ஸ்பிட்ஃபயர்?
1962-இல் லண்டன் மோட்டார் ஷோவில் அறிமுகமான இரண்டு சீட் திறந்த கார். இத்தாலியின் ஜியோவன்னி மிக்கலோட்டி வரைந்து கொடுத்த வடிவம். கவென்ட்ரி நகரின் கான்லி ஆலையில் 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் தயாரானது. முதல் மாடலில் 1147 சி.சி. இன்ஜின், 63 குதிரைசக்தி, வண்டி எடை சுமார் 710 கிலோ. 1965 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதல் இரண்டு இடங்களையும் இதுவே பிடித்தது.

சென்னைச் சொந்தம்
ஸ்பிட்ஃபயர் பிறந்தது டிரையம்ஃப் ஹெரால்டு காரின் அடித்தளத்திலிருந்து. அதே ஹெரால்டுதான் 1961 முதல் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்று தயாரானது. இங்கே ஓடியது 948 சி.சி., அங்கே 1147 சி.சி. இரண்டும் ஒரே வம்சத்து இன்ஜின்கள். அந்தக் காலத்து ஹெரால்டு மெக்கானிக்குக்கு ஸ்பிட்ஃபயரின் பானெட்டைத் திறந்தால் பாதிக்கு மேல் தெரிந்த முகமாகத்தான் இருக்கும்.

803-இல் தொடங்கி 1493 வரை
இந்த வம்சம் 1953-இல் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சி.சி. இன்ஜினாகத் தொடங்கியது. அப்போது சிலிண்டர் விட்டம் 58 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 76 மி.மீ. கடைசியாக வந்த ஸ்பிட்ஃபயர் 1500-இல் விட்டம் 73.7, ஓட்டம் 87.5. கொள்ளளவு 1493 சி.சி. ஏறக்குறைய இரண்டு மடங்கு வளர்ந்தும் கிராங்க்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங்குகள்தான். இன்ஜினை வேகமாகச் சுழற்ற ஆசைப்படுபவர்கள் ஃப்ளைவீல், பேலன்சிங் என்று கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்கு அடியில் ஓர் அடிதான் சம்பளம்
பெட்ரோல் இன்ஜினின் பிஸ்டன் உறிஞ்சும், அமுக்கும், வெடிக்கும், வெளியே தள்ளும். இந்த நான்கில் வெடிப்பு மட்டுமே சக்தி தரும். மற்ற மூன்றும் சக்தி தின்னும். வெடிப்பில் கிடைத்ததைச் சேமித்து, மற்ற மூன்றுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது ஃப்ளைவீல். ஒற்றை சிலிண்டரில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வெடிப்பு. நாலு சிலிண்டரில் அரைச் சுற்றுக்கு ஒன்று. பழைய புல்லட் அவ்வளவு மெதுவாக, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி ஐடில் ஓடியும் நின்றுபோகாததற்கு உள்ளே இருக்கும் கனத்த ஃப்ளைவீல்தான் காரணம்.

ஜேம்ஸ் வாட்டின் குறுக்கு வழி
நீராவி இன்ஜினால் சக்கரத்தைச் சுழல வைக்க முயன்றபோது கிராங்க் அமைப்புக்கு 1780-இல் ஜேம்ஸ் பிக்கார்டு காப்புரிமை வாங்கியிருந்தார். ஜேம்ஸ் வாட் அதைத் தவிர்க்க, ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி இன்னொன்று வரும் ‘சூரியன், கோள்’ அமைப்புக்கு 1781-இல் காப்புரிமை பெற்றார். பல் எண்ணிக்கை சமமாக இருந்தால் இதில் ஃப்ளைவீல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். சேமிப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அதே சக்கரம் நான்கு மடங்கு சக்தியைத் தாங்கியது.

எட்டு கிலோவும் இருநூறு மீட்டரும்
28 செ.மீ. விட்டமுள்ள ஒரு கெட்டி வட்டத்தட்டு 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6000 சுற்றில் அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 15,500 ஜூல். அந்த எட்டு கிலோவைத் தரையிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உயரம் தூக்கத் தேவையான ஆற்றல் அது. அதே தட்டு 800 சுற்றில் ஐடில் ஓடும்போது சேமிப்பு 56-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஃப்ளைவீல் இளைத்தால் முதலில் ஐடில் தடுமாறுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

எங்கே சீவினீர்கள்?
இந்தத் தொழிலின் முழு சூட்சுமமும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. சுழற்சிக்குக் காட்டும் எதிர்ப்பு, எடையையும் ஆரத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் வருவது. மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி எடுக்கும் ஒரு கிராம், 4 செ.மீ. தள்ளி எடுக்கும் ஒரு கிராமைப்போல் ஒன்பது மடங்கு பலன் தரும். நடுவில் மூன்று கிலோ எடுத்துவிட்டுப் பெருமைப்படுபவரை, விளிம்பில் அரைக் கிலோ எடுத்தவர் பந்தயத்தில் முந்திவிடுவார்.

நடுப்பகுதிக்கு ஏன் கை வைக்கக் கூடாது?
நடுவில் சீவுவதில் லாபம் குறைவு; ஆபத்தோ அதிகம். கிராங்க் ஃப்ளேஞ்சில் போல்ட் பிடிக்கும் இடம் அதுதான். கிளட்ச் மிதிக்கும்போது வரும் அழுத்தம், வண்டி கிளம்பும்போது வரும் முறுக்கு எல்லாம் அந்தச் சிறிய வட்டத்தின் வழியாகத்தான் போகவேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் போல்ட் துளைகளைச் சுற்றியுள்ள கனத்தைத் தொடவே மாட்டார்கள்.

முதல் கியரில் 87 கிலோ
விளிம்புப் பக்கம், 12 செ.மீ. ஆரத்தில் 2 கிலோ எடுத்தால் என்ன கிடைக்கும்? ஆரம்ப கால ஸ்பிட்ஃபயரின் முதல் கியர் விகிதம் 3.75, பின் ஆக்ஸில் விகிதம் 4.11. டயர் ஆரத்தை 28 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், வண்டியிலிருந்து சுமார் 87 கிலோவை இறக்கிவிட்ட சுறுசுறுப்பு வரும். இரண்டாம் கியரில் அது 38 கிலோ. மூன்றில் 12. நான்காம் கியரில் வெறும் 6 கிலோ. ஊருக்குள் துள்ளும் கார் நெடுஞ்சாலையில் பழைய மாதிரியே இருக்கும் என்பது இதனால்தான்.

குதிரைசக்தி கூடாது
ஃப்ளைவீல் இளைத்தால் இன்ஜினின் சக்தி ஓர் அவுன்ஸ்கூடக் கூடாது. ஒரே வேகத்தில் நிறுத்தி அளக்கும் டைனமோமீட்டரில் முன்னும் பின்னும் ஒரே எண்தான் வரும். உருளைமேல் ஏற்றி, முடுக்கிக்கொண்டே அளக்கும் வகையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். காரணம் எளிது. முன்பு ஃப்ளைவீலைச் சுழற்றவே செலவான சக்தி இப்போது சக்கரத்துக்குப் போகிறது. விளம்பரத்தில் ‘இத்தனை குதிரைசக்தி கூடும்’ என்று போட்டிருந்தால், எந்த அளவையில் என்று கேளுங்கள்.

கியர் பாக்ஸ் வெளியே வரும் வழி
ஃப்ளைவீலை எட்டிப் பிடிக்க முதலில் கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான பழைய கார்களில் அதற்காக வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும், அல்லது இன்ஜினையே தூக்க வேண்டும். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் கதை வேறு. சீட்டுகளைக் கழற்றி, தரைவிரிப்பைச் சுருட்டி, நடுவில் இருக்கும் மூடியை அகற்றினால் கியர் பாக்ஸ் காருக்குள்ளேயே தெரியும். பின்னால் இழுத்து, தூக்கி, கதவு வழியாக வெளியே கொண்டுவந்துவிடலாம்.

தட்டிப் பார்த்தால் தெரியும்
கடைவதற்கு முன் செய்யவேண்டியது சோதனை. ஃப்ளைவீலைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியால் தட்டினால், நல்லது கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் போடும். ஆனால் காதை மட்டும் நம்பிவிடக் கூடாது. சாயம் ஊற்றித் துடைத்துப் பார்க்கும் சோதனையும், காந்தத் துகள் சோதனையும் கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காட்டிக்கொடுக்கும். கிளட்ச் சூட்டில் நீலம் பாய்ந்த இடங்களையும், போல்ட் துளை ஓரங்களையும் முதலில் பாருங்கள்.

முகமா, முதுகா?
ஃப்ளைவீலுக்கு இரண்டு பக்கம். கிளட்ச் தட்டு உரசுவது முகம். இன்ஜினைப் பார்த்திருப்பது முதுகு. எடையைக் குறைக்கக் கடைவது முதுகுப் பக்கத்தில், விளிம்பை ஒட்டி. முகத்தில் தேய்மானம், சூட்டுக் கோடுகள் இருந்தால் அவற்றை நீக்கும் அளவுக்கு மட்டும் லேசாக ஃபேசிங் அடிப்பார்கள். உரசும் பரப்பு ஒரு மட்டத்திலும் கிளட்ச் கவர் உட்காரும் பரப்பு வேறு மட்டத்திலும் இருந்தால், ஒன்றில் எடுத்த அளவை மற்றதிலும் எடுக்க வேண்டும். மறந்தால் கிளட்சின் பிடிமானமே மாறிவிடும்.

சக்கில் பிடித்தால் போதாது
வெளி விளிம்பைச் சக்கில் கவ்விக் கடைந்தால், விளிம்பு உண்மையான வட்டமாக இருக்கிறதா என்பதே சந்தேகம். ஃப்ளைவீல் வண்டியில் உட்காருவது கிராங்க் ஃப்ளேஞ்சில். லேத்திலும் அதே இடத்தில்தான் உட்கார வேண்டும். அதனால் நல்ல டர்னர் கிராங்க் முனையின் அளவிலேயே ஒரு பிடிப்பானைக் கடைந்துகொள்வார். அதை லேத்தை விட்டுக் கழற்றாமல், ஃப்ளைவீலை அதன் போல்ட் துளைகளாலேயே அதில் மாட்டுவார். பிறகு டயல் கேஜை வைத்துக் கையால் ஒரு சுற்று சுற்றுவார். முள் 2, 3 பிரிவுக்குமேல் ஆடினால் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவார். பெரும்பாலும் இடையில் மாட்டிக்கொண்ட ஒரு துரும்புச் சீவல்தான் குற்றவாளி.

முதல் கட் ஆழமாக
வார்ப்பிரும்பின் மேல்தோல் கடினமானது; வார்ப்பு மணலும் அதில் ஒட்டியிருக்கலாம். பயந்து பயந்து மேலோட்டமாகச் சுரண்டினால் டூலின் முனை அந்தத் தோலிலேயே உரசி மழுங்கிவிடும். முதல் கட்டிலேயே தோலுக்குக் கீழே நுழைந்துவிட வேண்டும். உள்ளே போய்விட்டால் உலோகம் சாது. பெயின்ட் பூசிய பழைய வார்ப்பில் இந்த வித்தியாசம் கைப்பிடியிலேயே தெரியும். முதலில் கரகரவென்று வரும் சத்தம் இரண்டாம் கட்டில் அடங்கிவிடும்.

எண்ணெய் வேண்டாம்
எஃகைக் கடையும்போது சுருள் சுருளாகச் சீவல் வரும், குளிர்விக்கும் திரவம் ஊற்றுவார்கள். வார்ப்பிரும்பு அப்படியல்ல. அதற்குள் இதழ் இதழாகக் கிராஃபைட் இருக்கிறது. அதுவே மசகு. அதனால் பொதுவாக உலர்வாகவே கடைவார்கள். சீவல் பொடிப்பொடியாக உதிரும். கூடவே கருப்புத் தூசி பறந்து மூக்கு, விரல் இடுக்கு, சட்டைக் காலர் எல்லாம் ஏறும். முகமூடி அவசியம். லேத்தின் படுக்கைமேல் பழைய துணியோ தகடோ விரிக்காவிட்டால், அந்தத் தூசி எண்ணெயோடு சேர்ந்து லேத்தையே அரைத்துத் தின்றுவிடும்.

நிமிடத்துக்கு நூறு சுற்றுதான்
கார்பைடு டிப் வைத்து வார்ப்பிரும்பைக் கடைய நிமிடத்துக்குச் சுமார் 90 மீட்டர் வெட்டு வேகம் வசதியானது. 28 செ.மீ. விட்டத்தில் அது நிமிடத்துக்கு 102 சுற்று. டூல் உள்ளே நகர்ந்து 10 செ.மீ. விட்டத்துக்கு வந்ததும், அதே சுற்றில் வெட்டு வேகம் 32 மீட்டராக விழுந்துவிடும். சி.என்.சி. மெஷின் சுற்றைத் தானே கூட்டிக்கொள்ளும். பழைய லேத்தில் டர்னர் நடுவில் நிறுத்தி கியரை மாற்ற வேண்டும். வண்டியில் 6000 சுற்று பறக்கப்போகும் சாமான் லேத்தில் இவ்வளவு நிதானமாகத்தான் சுற்றுகிறது.

ஒரு மில்லிமீட்டருக்கு எவ்வளவு?
10 செ.மீ. ஆரத்திலிருந்து 13 செ.மீ. ஆரம் வரை உள்ள வளையத்தில் 1 மி.மீ. சீவினால் சுமார் 156 கிராம் குறையும். இரண்டு கிலோ வேண்டுமென்றால் 13 மி.மீ. ஆழம் போக வேண்டும். அவ்வளவு கனம் அங்கே மிச்சம் இருக்கிறதா என்பதை முதலில் அளந்து தாளில் படம் போட்டுக்கொள்வது நல்லது. கிளட்ச் கவர் போல்ட்டுகளின் துளை எவ்வளவு ஆழம், ரிங் கியர் உட்காரும் தோள் எங்கே என்பதையும் அதே படத்தில் குறியுங்கள். கடைந்தபிறகு ஒட்டவைக்க முடியாது.

மூலையில் கூர்மை ஆகாது
கடைசல் முடியும் உள்மூலையைச் செங்கோணமாக விட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விரிசல் பிறக்கும் இடம் அதுதான். விசை எல்லாம் அந்தக் கோட்டில் குவியும். அதனால் முனை உருண்ட டூலால் மூலையை வளைவாக முடிப்பார்கள். கடைசியில் விளிம்புகளை எல்லாம் லேசாக மழுக்கிவிட வேண்டும். டூல் இழுத்த ஆழமான கோடுகூட விரிசலுக்கு வழிகாட்டும் என்பதால், கடைசி கட் மெல்லிசாகவும் பளபளப்பாகவும் இருக்க வேண்டும்.

துளை போட்டு இளைக்கவைக்கலாமா?
விளிம்பைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டால் எடை குறையும். படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் இழுவிசையில் இருக்கும் தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டால், துளையின் ஓரத்தில் விசை மூன்று மடங்காகும் என்று ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் கிர்ஷ் 1898-இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். இழுத்தால் நீளாமல் பட்டென்று உடையும் வார்ப்பிரும்பில் இது விளையாட்டல்ல. துளைகளைவிட, ஒரே சீராகக் கடைந்த வளையமே பாதுகாப்பு.

விளிம்பின் வேகம் 317 கி.மீ.
6000 சுற்றில் 28 செ.மீ. ஃப்ளைவீலின் விளிம்பு வினாடிக்கு 88 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. அதாவது மணிக்கு 317 கி.மீ. கார் சிக்னலில் நின்று உறுமிக்கொண்டிருந்தாலும் இதுதான் கணக்கு. அதைப் பிய்த்துப்போக முயலும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 6000-இலிருந்து 7000-க்குப் போனால் சுற்று 17 சதவீதம்தான் கூடுகிறது. விசையோ 36 சதவீதம் கூடுகிறது. ‘இன்னும் ஆயிரம் சுற்றுதானே’ என்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

உடைந்தால் எங்கே போகும்?
சுழலும் ஃப்ளைவீல் உடைந்தால் துண்டுகள் எல்லாப் பக்கமும் சிதறும். ஸ்பிட்ஃபயரில் அதற்குப் பக்கத்தில் இருப்பவை ஓட்டுநரின் கால்கள். இடையில் இருப்பது அலுமினியக் கூடும் ஒரு மெல்லிய மூடியும்தான். அமெரிக்க டிராக் பந்தயங்களில் இதற்காகவே ஃப்ளைவீலுக்கும் கிளட்சுக்கும் எஸ்.எஃப்.ஐ. 1.1 என்ற தரமுத்திரை உண்டு. வேகமான பிரிவுகளில் கிளட்சைச் சுற்றிச் சிதறல் தடுக்கும் எஃகுக் கவசமும் கட்டாயம். பந்தயத்துக்குப் போகும் காரில் பழைய வார்ப்பிரும்பைக் கடைந்து போடுவதைவிட, புது எஃகு ஃப்ளைவீல் வாங்குவது உயிருக்கு நல்லது.

கனமான உலோகத்தில் லேசான சக்கரம்
எஃகு வார்ப்பிரும்பைவிடக் கனமானது. வார்ப்பிரும்பு கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம், எஃகு 7.85. இருந்தாலும் லேசான ஃப்ளைவீலை எஃகில்தான் செய்கிறார்கள். எஃகின் வலிமையால் தகட்டை மெல்லிசாக விட முடிகிறது. பிரிட்டன் பட்டறைகளில் இதற்குப் பெயர்போனவை ஈ.என். 8, ஈ.என். 24 ரகங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால நெருக்கடியில் வகுத்த அந்த எண்களைச் சொன்னால் இன்றைக்கும் கோவை இரும்புக் கடையில் கம்பியை எடுத்துப் போடுவார்கள்.

அலுமினியத்துக்கு எஃகு முகம்
அலுமினிய ஃப்ளைவீலும் உண்டு. அதன் அடர்த்தி 2.7 தான். ஆனால் அலுமினியத்தில் கிளட்ச் நேரடியாக உரசினால் சீக்கிரம் பள்ளம் விழும். அதனால் உரசும் இடத்தில் எஃகு வளையத்தைத் திருகி வைப்பார்கள். வளையம் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் இரண்டு மடங்கு விரியும் என்பதால், அந்தத் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்பதில் எப்போதும் ஒரு கண் வேண்டும்.

சூட்டைத் தாங்குவதும் அதன் வேலை
நின்ற வண்டி கிளட்சை விட்டுக் கிளம்பும்போது, வண்டிக்குக் கிடைக்கும் இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழ சமமான ஆற்றல் கிளட்சில் சூடாகிறது. இருவரோடு 860 கிலோ ஸ்பிட்ஃபயர் 20 கி.மீ. வேகம் பிடிக்க, அது சுமார் 13,000 ஜூல். ஒரு தடவை பெரிதல்ல. மலைப்பாதை நெரிசலில் நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பினால் சூடு சேர்ந்துகொண்டே போகும். இரும்பு குறைந்த அளவுக்கு அந்தச் சூட்டை வாங்கும் திறனும் குறையும். உரசும் முகத்தை அளவுக்குமேல் மெல்லிசாக்கினால் அது வளைந்து கிளட்ச் துடிக்க ஆரம்பிக்கும்.

ரிங் கியரை அடுப்பில் வைப்பார்கள்
ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் மாட்டும் வளையம்தான் ரிங் கியர். பல கார்களில் போல்ட் கிடையாது. சூடாக்கி விரித்து மாட்டி, ஆறியதும் இறுகிக்கொள்வதுதான் பிடிமானம். 28 செ.மீ. எஃகு வளையத்தை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் விட்டம் 0.6 மி.மீ.க்கு மேல் விரியும். சூட்டை நிறம் பார்த்துச் சொல்வார்கள். வைக்கோல் மஞ்சள் என்றால் சுமார் 220 டிகிரி. நீலம் என்றால் 300 பக்கம். அதையும் தாண்டினால் பல்லின் உரம் போய்விடும். பழைய வளையத்தை எடுக்க இரண்டு பல்லுக்கு நடுவே துளை போட்டு உளியால் பிளந்துவிடுவார்கள்.

பத்து கிராம் போதும் உதைக்க
12 செ.மீ. ஆரத்தில் வெறும் 10 கிராம் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், 6000 சுற்றில் அது கிராங்க்கை 48 கிலோ விசையால் இழுக்கும். அதுவும் வினாடிக்கு நூறு தடவை திசை மாறி மாறி. அதனால் கடைந்த ஃப்ளைவீலை பேலன்சிங் செய்யாமல் மாட்டக் கூடாது. ஐ.எஸ்.ஓ. தரத்தில் ஃப்ளைவீலுக்குச் சொல்லும் ஜி 6.3 அளவின்படி, 6 கிலோ சக்கரத்தில் 12 செ.மீ. ஆரத்தில் அரை கிராம்தான் பிசகலாம்.

அரை கிராமை எப்படி எடுப்பது?
10 மி.மீ. டிரில்லால் வார்ப்பிரும்பில் 1 மி.மீ. ஆழம் குழித்தால் அரை கிராமுக்குச் சற்று மேல் வெளியே வரும். பேலன்சிங் மெஷின் ‘இந்த இடம், இவ்வளவு’ என்று காட்டும். கனமான பக்கத்தில் அந்த அளவுக்குக் குழி போடுவார்கள். ஃப்ளைவீலைத் தனியாகச் சரிபார்த்தபிறகு, கிளட்ச் கவரை மாட்டி இன்னொரு முறை பார்க்க வேண்டும். இரண்டிலும் நேருக்கு நேர் ஒரு குறி வெட்டிக்கொண்டால், பிறகு எத்தனை முறை கழற்றினாலும் அதே இடத்தில் மாட்டலாம்.

வேண்டுமென்றே சாய்ந்த சக்கரம்
ஸ்பிட்ஃபயரின் நாலு சிலிண்டர் இன்ஜினில் ஃப்ளைவீல் எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஃபோர்டு 302 வி8-இல் அப்படியல்ல. கிராங்க்கின் சமநிலைக்காக ஃப்ளைவீலில் ஒரு பக்கம் வேண்டுமென்றே எடை கூட்டியிருப்பார்கள். முதலில் 28 அவுன்ஸ்-அங்குலம், 1980-களில் 50. விவரம் தெரியாமல் அதை ‘சரிசெய்து’ கொடுத்தால் இன்ஜின் உதறியே செத்துப்போகும். எந்த இன்ஜினின் ஃப்ளைவீல் என்று கேட்காமல் வேலையைத் தொடங்கும் பட்டறையில் கொடுக்காதீர்கள்.

மினியில் எல்லாம் தலைகீழ்
1959-இல் வந்த மினி காரில் ஃப்ளைவீல் கிராங்க்கின் கூம்பு முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும். அதை எடுக்கத் தனி புல்லர் வேண்டும். கிளட்ச் தட்டு இருப்பது ஃப்ளைவீலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே. கழற்றும் முன் கிராங்க்கைச் சரியான நிலையில் நிறுத்தாவிட்டால் உள்ளே இருக்கும் ‘சி’ வடிவ வாஷர் நழுவி விழுந்து மாட்டிக்கொள்ளும்.

மேட்டில் கிளம்புவது சிரமம்
இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் மலையேற்றப் பந்தயம் 1905 முதல் நடக்கிறது. நின்ற இடத்திலிருந்து மேட்டை நோக்கிப் பாய வேண்டும். இங்கே கனத்த ஃப்ளைவீல் ஒருவகையில் துணை. கிளட்சை விட்டதும் சேமிப்பிலிருந்து சக்தி கொடுத்து வண்டியை உந்தும். லேசான ஃப்ளைவீலில் அந்தச் சேமிப்பு குறைவு. கிளட்சை விட்ட வேகத்தில் சுற்று சரிந்து இன்ஜின் நின்றுபோகலாம். ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் கிளட்சை நிதானமாக விடுவதுதான் மருந்து.

கியர் மாற்றும் கைக்கு வேலை
ஆக்சிலரேட்டரை விட்டதும் லேசான ஃப்ளைவீல் சட்டென்று சுற்றை இறக்கிவிடும். மேல் கியருக்கு விரைவாகப் போகிறவருக்கு இது வரம். யோசித்து யோசித்துப் போடுகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு குலுக்கல். கீழ் கியருக்கு வரும்போது லேசாக ஆக்சிலரேட்டரைத் தட்டினாலே சுற்று எகிறி வந்து பொருந்தும். 1970-இல் வந்த நான்காம் மாடலுக்கு முன்வரை ஸ்பிட்ஃபயரின் முதல் கியருக்கு, வேகத்தைத் தானே பொருத்திக்கொள்ளும் சிங்க்ரோமெஷ் கிடையாது. அந்த வண்டிகளில் இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

முள்ளால் துரத்த முடியாத இன்ஜின்
சுழல் எதிர்ப்பைக் குறைப்பதில் உச்சம் எது? லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ. காரின் 4.8 லிட்டர் வி10 இன்ஜின் ஐடிலிலிருந்து 9000 சுற்றை 0.6 வினாடியில் எட்டும். வழக்கமான முள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காததால் டிஜிட்டல் மீட்டர் வைத்தார்கள்.

இரட்டை ஃப்ளைவீலைக் கடைய முடியாது
1980-களில் கார்களுக்கு வந்த இரட்டை எடை ஃப்ளைவீலில் இரண்டு சக்கரங்களும் நடுவில் ஸ்பிரிங்குகளும் இருக்கும். இன்ஜினின் துடிப்பு கியர் பாக்ஸுக்குப் போகாமல் அது உள்வாங்கிக்கொள்ளும். அதைக் கடைந்து எடை குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை. லேத்தில் ஏற்றி இளைக்கவைக்கலாம் என்ற வசதி பழைய ஒற்றைத் தட்டுக்கு மட்டும்தான்.

மூன்று கம்பி, ஒரு ஸ்டாப்வாட்ச்
கடைந்தது பலித்ததா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஃப்ளைவீலின் விளிம்பில் சம இடைவெளியில் மூன்று புள்ளிகளில் ஒரு மீட்டர் நீளக் கம்பிகளைக் கட்டி, நேர் மேலே உறுதியான இடத்தில் மட்டமாகத் தொங்கவிடுங்கள். லேசாகத் திருகிவிட்டால் அது இடமும் வலமும் ஆடும். எடை முழுவதும் விளிம்பிலேயே இருக்கும் வளையம் என்றால், ஒரு முழு ஆட்டத்துக்கு 2 வினாடி ஆகும். சீரான கெட்டித் தட்டு என்றால் 1.42 வினாடி. இரண்டிலும் மொத்த எடை எவ்வளவு என்பதே கணக்கில் வராது. விளிம்பில் சீவியிருந்தால் ஆட்டம் முன்னைவிடச் சுருக்கமாகும். நடுவில் சீவியிருந்தால் எடை குறைந்தும் ஆட்டம் நீளும். கடைசலுக்கு முன்னும் பின்னும் இருபது ஆட்டத்துக்கு நேரம் பார்த்து இருபதால் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டறைக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் முன்பே விடை கையில் இருக்கும்.